"தெரியாது" என்று சொல்வது அவிசுவாசமா?



இந்த மாதம் உபவாசத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று பாதி எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் ஆறு வாரமாக ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது உங்களில் அநேகர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது ஒரே கேள்விதான்: "என்ன பாஸ்டர், ரிப்போர்ட் வந்துதா? ஒண்ணும் இல்லைதானே?" அதற்குப் பதில் சொல்லாமல் உபவாசத்தைப் பற்றி எழுதினால் நான் உபவாசத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன் என்று அர்த்தம். ஆகையால் அந்தப் பாதியை மடித்து வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஏதோ தெரிகிறது என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். வலது நுரையீரலில் மூன்று, இடதில் இரண்டு. டாக்டர் அதற்கு நோடியூல் என்று பெயர் சொன்னார். நான்கு மிளகு அளவு, ஒன்று மட்டும் காய்ந்த பட்டாணி அளவு, 7 மில்லிமீட்டர். சளியை இரண்டு தடவை பரிசோதித்தார்கள், டி.பி. கிருமி இல்லை. "அப்போ இது என்ன டாக்டர்?" என்று கேட்டேன். அவர் விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்: நமக்கே தெரியாமல் எப்போதோ வந்து ஆறிப்போன டி.பி.யின் தழும்பாக இருக்கலாம். நான் ஊழியத்துக்கு வருமுன் பதினோரு வருஷம் ஒரு வார்ப்புப் பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்த்தவன், அந்த மணல் தூசியாக இருக்கலாம். காய்ச்சலின் மிச்சமாக இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். "இப்ப சொல்ல முடியாதுங்க. ஊசி விட்டு எடுக்கிற அளவுக்கு இது பெரிசு இல்லை. மூணு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுப்போம். வளர்ந்தா ஒரு வழி, வளரலைன்னா ஒரு வழி."

(ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கிரைண்டிங், பாலிஷிங், மணல் அடிக்கிற வேலை பார்க்கிற வாலிபத் தம்பிகளே, மாஸ்க் கொடுத்தால் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். மூக்கில் போடுங்கள். நான் கழுத்தில் போட்டவன்.)

நோடியூல் என்று டாக்டர் சொன்னது வீட்டுக்கு வருவதற்குள் "கட்டி" ஆயிற்று. புதன்கிழமை வீட்டுக்கூட்டத்தில் "பெரிய கட்டி" ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு தாயார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோதுதான் அது "கேன்சர்" ஆகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அவர்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. மறுபக்கம் வேறொரு கூட்டம்: "பாஸ்டர், சுகம் ஆயிடுச்சுன்னு அறிக்கை பண்ணுங்க. வாயைத் திறந்து சொல்லுங்க. அவிசுவாசமா பேசாதீங்க." யாக்கோபு 5:14ன்படி நம்முடைய மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். மறுநாள் ஒரு சகோதரர் போனில் கேட்டார், "இப்ப எப்படி பாஸ்டர்?" "தெரியலை பிரதர்" என்றேன். கொஞ்சநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "நீங்களே தெரியலைன்னு சொன்னா, நாங்க எப்படி பாஸ்டர் விசுவாசிக்கிறது?" என்றார்.

நியாயமான கேள்வி. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படித்த நாட்களில் நாங்கள் லேவியராகமத்தை வேகமாய்க் கடந்து போவோம். பலிகளைப் பற்றிப் படிப்போம், பரீட்சைக்கு அது வரும். 13ம் அதிகாரம் குஷ்டரோகத்தைப் பற்றியது. அதை யாரும் கேட்கமாட்டார்கள். ஸ்கேன் வந்த வாரத்தில், ராத்திரி தூக்கம் வராமல், அந்த அதிகாரத்தை நான் மூன்றுதரம் வாசித்தேன். ஒரு மனுஷனுடைய தோலில் ஒரு தடிப்போ வெள்ளைப் படரோ வருகிறது. அவனை ஆசாரியனிடம் கொண்டுவருகிறார்கள். பார்த்தவுடனே குஷ்டம் என்று தெரிகிற அடையாளம் உண்டு, அப்போது ஆசாரியன் தீட்டு என்று சொல்லலாம். ஆனால் சிலது அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. அப்போது ஆசாரியன் என்ன செய்யவேண்டும்? ஏழு நாள் அவனை அடைத்து வைத்து, திரும்பப் பார்க்கவேண்டும். ஏழாம் நாளிலும் அது படரவில்லை, ஆனால் நிச்சயமும் இல்லை என்றால்? இன்னும் ஏழு நாள். அதற்குப் பிறகு மங்கி, பரவாமல் இருந்தால்தான், அது வெறும் அசறு என்று சொல்லி அவனைச் சுத்தமுள்ளவன் என்று தீர்க்கவேண்டும்.

பிரியமானவர்களே, இதைக் கட்டளையிட்டவர் யார்? சகலத்தையும் அறிந்த தேவன். முதல் நாளே மோசேயிடம், இன்னார் குஷ்டரோகி, இன்னார் இல்லை என்று சொல்ல அவரால் முடியாதா? முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை. தெரியாத நாட்களுக்கென்று நியாயப்பிரமாணத்தில் ஓர் இடம் ஒதுக்கி வைத்தார். அந்த ஏழு நாளில் ஆசாரியனுக்குத் "தீட்டு" என்று சொல்லவும் அதிகாரம் இல்லை, "சுத்தம்" என்று சொல்லவும் அதிகாரம் இல்லை. அவன் ஆரோனின் குமாரனாய் இருந்தாலும் சரி, அபிஷேகம் பெற்றவனாய் இருந்தாலும் சரி, வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். உள்ளே அடைக்கப்பட்டவனுடைய வீட்டார் வாசலில் வந்து, "சுத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஐயா" என்று கெஞ்சியிருக்கமாட்டார்களா? கெஞ்சியிருப்பார்கள். எங்கள் டாக்டர் சொன்ன மூன்று மாதமும் இதுதான் என்று எனக்குத் தோன்றிற்று.

மூன்று மாதம் எதற்கு என்று நானும் எரிச்சல்பட்டவன்தான். காரணத்தை டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். 7 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று உள்ளளவில் முழுசாக இரண்டு மடங்கு ஆனாலும் அதன் குறுக்களவு 9 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. புற்றுநோயாக இருந்தாலும் அப்படி இரண்டு மடங்காகப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் ஒரு வருஷம் வரை பிடிக்கும். நாளைக்கே திரும்பப் படம் எடுத்தால் படத்தில் வித்தியாசம் தெரியாது. டாக்டருக்குத் திறமை இல்லாமல் இல்லை. அந்தப் பட்டாணி இன்னும் தன்னைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. சம்பந்தப்பட்ட சகோதரர் அனுமதி கொடுத்துவிட்டார், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு டி.பி. வந்தது. ஆறு மாத மருந்து. அப்போது கிட்டத்தில் இருந்த மையத்துக்குப் போய், அவர்கள் கண்முன்னே மாத்திரையை விழுங்கவேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது, முகம் தெளிந்தது. சபை முழுவதும் ஜெபித்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்தான் மைக்கை அவர் கையில் கொடுத்து, "சாட்சி சொல்லுங்க பிரதர்" என்றேன். அவர் சொன்னார். "கர்த்தர் என்னைப் பூரண சுகமாக்கினார், டி.பி. இல்லை" என்று சொன்னார். அல்லேலூயா சத்தத்தில் ஷீட் கூரை அதிர்ந்தது. நானும் சத்தம் போட்டேன்.

மறுநாள் அவர் மாத்திரைக்குப் போகவில்லை. மருந்து வெறுத்துப்போய் நிற்கவில்லை, அவருக்கு வெட்கமாய் இருந்தது. அந்த மையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் நம் சபையார் நிற்பார்கள். "ஞாயித்துக்கிழமை சுகம்னு சொல்லிட்டு திங்கக்கிழமை மாத்திரை போடுறேனேன்னு நெனைப்பாங்க பாஸ்டர்." இதை அவர் என்னிடம் சொன்னது எட்டு மாதம் கழித்து, இருமலில் இரத்தம் வந்த பிறகு. பாதியில் நிறுத்தினால் சாகாமல் மிஞ்சின கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாய் மாறிவிடும். அதன்பின் இரண்டு வருஷ வைத்தியம், அதில் மாதக்கணக்காய் ஊசி. உயிர் பிழைத்தார், ஸ்தோத்திரம். ஆனால் அந்த ஊசி அவர் காதை எடுத்துக்கொண்டது. (அதற்குப் பதிலாக இப்போது மாத்திரைகளே வந்துவிட்டன. அன்றைக்கு அதுதான் இருந்தது.) இன்றைக்கும் அவர் முன்வரிசையில்தான் உட்காருகிறார். நான் பிரசங்கிக்கிறது அவருக்குக் கேட்கிறதில்லை. பக்கத்தில் மகள் வசனத்தைத் திறந்து விரலால் காட்டுகிறாள்.

அவர் சாட்சி பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர் உண்மையாகவே நம்பினார். நான் அவருக்குத் தெரியாத ஒன்றை, தெரிந்ததுபோலச் சொல்லவைத்தேன். ஏழாம் நாளுக்குமுன் "சுத்தம்" என்று கூவின ஆசாரியன் நான்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2011ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அதிகமாய்ப் புகைபிடித்த 53,454 பேரை இரண்டு பங்காக்கி, ஒரு பங்குக்கு ஸ்கேனும் மறு பங்குக்கு எக்ஸ்ரேயும் வருஷத்துக்கு ஒருதரமாக எடுத்தார்கள். ஸ்கேனில் "சந்தேகம்" என்று வந்தவைகளில் நூற்றுக்கு 96 புற்றுநோய் அல்ல என்று பின்னால் தெரிந்தது. இது எனக்கு ஆறுதலான கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் அந்த மீதி நாலில் போய் மனசு உட்கார்ந்துகொள்ளும். அது இருக்கட்டும். நான் யோசித்தது வேறு. அந்தத் தொண்ணூற்றாறு பேரும் நம் சபையில் இருந்து, சந்தேகம் என்று கேட்ட அன்றே நாம் ஜெபித்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தொண்ணூற்றாறு கேன்சர் சாட்சி. மேடையில் அத்தனையும் சொல்லப்பட்டிருக்கும், இந்தப் பத்திரிகையில் சிலதை நானே அச்சிட்டிருப்பேன். உண்மையில் அவர்களுக்குக் கேன்சர் வரவே இல்லை. கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறவர் என்று நான் விசுவாசிக்கிறேன், என் கண்ணால் கண்டும் இருக்கிறேன். அவர் செய்த அற்புதத்தின் பக்கத்தில் அவர் செய்யாததையும் கொண்டுபோய் நிறுத்தினால், கேட்கிற பிறமார்க்கத்தான் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிடுவான்.

ஸ்கேன் படத்தைத் தூக்கிக்கொண்டு தாம்பரம் சானிட்டோரியம் ஆஸ்பத்திரிக்கும் ஒருநாள் போனேன். வல்லக்கோட்டையில் அன்று கிருத்திகை. கோயில் கூட்டத்தில் பஸ் ஏறுவதே பாடு. ஒரகடம் போய், படப்பை வழியாகப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அங்கே மரத்தடியில் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு பெரிய கவரோடு உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் அவர்கள் நெஞ்சின் படம் இருக்கும். அந்த இடத்தை 1928ல் காசநோய்க்காரருக்கென்று ஆரம்பித்தவர் டாக்டர் சௌரி முத்து. அவரைப்பற்றித் தேடி வாசித்தபோது கணித மேதை இராமானுஜன் குறுக்கே வந்தார்.

1914 மார்ச்சில் இராமானுஜன் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினபோது அதே கப்பலில் இந்த டாக்டரும் இருந்தார். மூன்று வருஷம் கழித்து, 1917ல், இராமானுஜன் அங்கே வியாதிப்பட்டார். சௌரி முத்து மெண்டிப் மலைப்பகுதியில் நடத்திவந்த சானிட்டோரியத்திலும் கொஞ்சகாலம் இருந்தார். வைத்தியர்கள் முதலில் வயிற்றுப்புண் என்றார்கள், பிறகு புற்றோ என்று சந்தேகித்தார்கள், கடைசியில் காசநோய் என்றே வைத்தியம் பார்த்தார்கள். 1919ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. 1994ல் ஒருவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது காசநோயே அல்ல, ஈரலைப் பிடித்த அமீபா நோயாக இருந்திருக்கவேண்டும் என்று எழுதினார். அதுவும் இனி நிரூபிக்க முடியாதது. நூறு வருஷம் கடந்தும் அந்த மனுஷன் எதனால் மரித்தார் என்று உலகத்துக்கு நிச்சயமாய்த் தெரியாது. (அவர் மரித்த அதே சேத்துப்பட்டில் 1956ல் ஆரம்பித்த ஆராய்ச்சி மையம்தான், டி.பி.க்கு சானிட்டோரியத்தில் படுக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டிக்கொடுத்தது.)

அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. நாமக்கல் நாமகிரித் தாயாரின் பக்தர். ஆனாலும் இரண்டு காரியம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்று, சீக்கிரம் ஒரு பெயர் வைத்துவிட்டால், அப்புறம் யாரும் வேறு எதையும் தேடமாட்டார்கள். "தெரியாது" என்று என் முகத்துக்கு நேராய்ச் சொன்ன டாக்டர்மேல் இருந்த கோபம் அன்றைக்கே போயிற்று. இரண்டாவது, தன் வியாதியின் பெயர் தெரியாமல் படுக்கையில் கிடந்த அந்தக் கடைசி மாதங்களிலும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். 1920 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலுள்ள ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்பைக் கடிதமாய் எழுதினார். அந்தக் காலத்துத் தாள்கள் 1976ல்தான் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் வெளிச்சத்துக்கு வந்தன. ரிப்போர்ட் வரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் பேனாவை மூடி வைக்கவில்லை. நானோ உபவாசக் கட்டுரையைப் பாதியில் வைத்தவன்.

"விசுவாசம்னா காணாததை நிச்சயமா நம்புறது இல்லையா பாஸ்டர்? எபிரெயர் 11:1" என்று அந்தப் போன் சகோதரர் கேட்டார். ஆம். அதே அதிகாரத்தில் ஏழு வசனம் கீழே இறங்கினால் ஆபிரகாம் நிற்கிறார். எங்கே போகிறோம் என்று தெரியாமலே புறப்பட்டவர். தெரியாமல் புறப்பட்டதைத்தான் அங்கே விசுவாசம் என்று எழுதியிருக்கிறது. சாராள், "எங்கேங்க போறோம்?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? "தெரியாது. கூப்பிட்டவரைத் தெரியும்." ஆபிரகாமுக்கு நிச்சயமாயிருந்தது அழைத்தவர். நாம் பல நேரம் ஊரின் பெயரை நிச்சயமாக்கிக்கொண்டு, அதை விசுவாசம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

என் வீட்டிலும் ஒரு சம்பவம். ஸ்கேன் வந்து நாலாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்தபிறகு என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த எல்.ஐ.சி. பாண்டு எங்க வச்சிருக்கீங்க?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அவ்வளவுதானா உன் விசுவாசம்?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை, கேட்கவும் எனக்குத் தைரியமில்லை. ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவன், பக்கத்தில் படுத்திருக்கிறவளுக்கு இருந்த பயத்தை அவிசுவாசம் என்று பெயர்வைத்துத் தள்ளினேன். எசேக்கியா ராஜா வியாதியாய்க் கிடந்தபோது அவனுடைய வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தச் சொல்லி ஏசாயாவிடம் சொல்லி அனுப்பினது கர்த்தர்தானே. அதே எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்ததும் அவர்தானே. காலையில் டிரங்குப் பெட்டியை இறக்கி, பாண்டு, பாஸ்புக், சபை இடத்தின் பத்திர நகல், பெண்ணின் பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "டீ ஆறுது, குடிங்க" என்றாள். அன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கினோம்.

தாவீதையும் நினைத்துக்கொள்கிறேன், 2 சாமுவேல் 12ல். பிள்ளை வியாதியாய்க் கிடந்த ஏழு நாளும் தரையில் விழுந்து கிடந்தான், சாப்பிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறான்: கர்த்தர் இரங்குவாரோ என்னவோ, யாருக்குத் தெரியும் என்றுதான் அழுதேன் என்கிறான். ராஜா, சங்கீதக்காரன், தேவனுடைய இருதயத்துக்கு ஏற்றவன் என்று பேர்பெற்றவன் "யாருக்குத் தெரியும்" என்கிறான். தெரியாததினால் அவன் ஜெபத்தை விடவில்லை. தெரியாததினால்தான் ஜெபித்தான். பதில் தெரிந்த பிறகு எழுந்து, ஸ்நானம்பண்ணி, தேவனுடைய ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டான். பிள்ளை பிழைக்கவில்லை என்பதை நான் மறைத்துச் சொல்லவில்லை, நீங்களும் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள்.

ஆகையால் என் வேண்டுகோள் இவ்வளவுதான். எனக்காக ஜெபியுங்கள், பூரண சுகத்துக்காகவே ஜெபியுங்கள், கண்ணீரோடும் ஜெபியுங்கள். ஆனால் "பாஸ்டருக்கு சுகம் ஆயிடுச்சு" என்றும் சொல்லவேண்டாம், "பாஸ்டருக்குக் கேன்சர்" என்றும் சொல்லவேண்டாம். யாராவது கேட்டால், திரும்பப் பார்க்கிற நாள் இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். நம் சபையில் மருந்து சாப்பிடுகிற எந்த சகோதரனும் சகோதரியும் சாட்சி சொல்ல விரும்பினால், டாக்டர் "நிறுத்தலாம்" என்று சொன்ன சீட்டை முதலில் எனக்குக் காட்டவேண்டும் என்று மூப்பர்களோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை என்று தெரியும். என்னிடமே வந்து சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்த ஞாயிறு அதை எழுதியிருக்கிறபடியே வாசிப்பேன். பழைய தழும்பு என்று வந்தால் பழைய தழும்பு என்றே சொல்வேன். அதற்கும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கலாம், அதைக் கேன்சர் ஆக்கவேண்டியதில்லை. வேறுவிதமாய் வந்தாலும் அதே மேடையில் நின்று வாசிப்பேன். அன்றைக்கு என் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஸ்கேன் வருகிற மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணிக்கு. அன்று உபவாச ஜெபம் வழக்கம்போல் பத்து மணிக்குத் தொடங்கும். படப்பை ரோட்டில் லாரி நெரிசல் இருந்தால் நான் வரத் தாமதமாகும்; எனக்காகக் காத்திருக்காமல் பாட்டை ஆரம்பித்துவிடுங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் பாஸ்டர்,
வல்லக்கோட்டை